ஏட்டுச் சுரைக்காயும் இதய வால்வும்

நீண்ட பதிவு. பலபடி அறிவியலிலும் பொருள் அறிவியலிலும் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களும் அவர்களுடைய நெறியாளர்களும் பொறுமையோடு முழுவதையும் வாசிக்க வேண்டுகிறேன். சிலருக்கு இது கசக்கும். எழுதும்போது எனக்கும் கசந்தது. இதில் சொல்லப்படும் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தேன். எங்கு, யார் என்பது முக்கியமில்லை. நம் துறையில் வாரந்தோறும் எங்கேனும் நடக்கிற கருத்தரங்குதான். ஒரு பொறியியல் நெகிழியோடு சிறிதளவு நானோ நிரப்பியைச் சேர்த்திருந்தார்கள். இழுவலிமை உயர்ந்திருந்தது. மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் அழகாக இருந்தன. இறுதிப் படத்தில் வழக்கம்போல ஒரு வரி: இப்பொருள் விண்வெளித் துறையிலும் மருத்துவ உள்வைப்புகளிலும் பயன்படத்தக்கது. கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "இதை எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அரங்கம் அமைதியாகிவிட்டது. அது எதிர்காலப் பணி என்று பதில் வந்தது. தலைவர் நேரம் முடிந்துவிட்டதென்றார். தேநீருக்குக் கலைந்தோம்.

அந்த எதிர்காலப் பணி ஒருபோதும் நிகழ்காலத்துக்கு வருவதில்லை என்பதே என் குற்றச்சாட்டு. ஒரு நெகிழியை "உயர் செயல்திறன்" உடையது என்று அழைக்கும் உரிமை, அதை நெடுங்காலம் உழைக்க வைத்து, எங்கே தோற்கிறது என்று பார்த்தவர்களுக்கே உண்டு. நாமோ தரவுத்தாளில் ஓர் எண்ணைச் சற்று உயர்த்திவிட்டு அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கும் தெரிந்த ஒன்று.

இதை நான் திருவனந்தபுரத்தில் இருந்து எழுதுகிறேன் என்பதற்குப் பொருளுண்டு. இந்நகரின் பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனை என்றொரு பழைய கட்டடம் இருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அங்குதான் இயங்குகிறது. அந்நிறுவனத்தில் 1970களின் இறுதியில் ஓர் இதய வால்வு உருவாக்கும் முயற்சி தொடங்கியது. அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில், பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் உடன் உழைத்தவர்களும் அதில் ஈடுபட்டார்கள். அன்று நம் நாட்டில் வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்த இளம் வயதினர் ஏராளம். மாற்று வால்வோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதை வாங்கும் வசதி அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை.

சாய்ந்து திறக்கும் வட்டு வால்வு என்பது பார்வைக்கு எளிய கருவி. ஒரு உலோக வளையம், அதற்குள் முன்னும் பின்னும் சாயும் ஒரு வட்டு, வளையத்தைச் சுற்றித் தைப்பதற்கான துணிப்பட்டை. அவ்வளவே. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கடுமை விளங்கும். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி தடவை அந்த வட்டு திறந்து மூட வேண்டும். இருபது வயதுப் பெண்ணின் மார்புக்குள் அதைப் பொருத்தினால் அது நூறு கோடியைத் தாண்டியும் உழைக்க வேண்டும். ஒரு தடவை முறிந்தாலும் மறுவாய்ப்பு இல்லை.

இதற்கு என்ன பொருளைத் தேர்ந்தெடுப்பீர்கள்? தரவுத்தாளை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நம்மில் பலரும் மிகக் கடினமானதை எடுப்போம். அந்தக் குழுவின் முந்தைய மாதிரி ஒன்றிலும் வட்டு செயற்கை நீலக்கல்லால் ஆனதாக இருந்தது. ஒற்றைப் படிகம். மோஸ் அளவுகோலில் 9. இரத்தத்தோடு இணக்கமானது. தேய்மானம் பெயரளவுக்கே. ஏட்டளவில் அதை விஞ்ச எதுவுமில்லை. ஆனால் ஆட்டின் இதயத்தில் அந்த வட்டு உடைந்தது. கடினமான பொருளின் மறுபக்கம் அதன் நொறுங்கும் தன்மை. தரவுத்தாளில் இவ்விரண்டும் தனித்தனி வரிகள். ஆட்டின் உடலில் அவை ஒன்றே.

முதல் மூன்று மாதிரிகளும் கைவிடப்பட்டன. நான்காவது மாதிரிதான் நின்றது. அதன் கூடு, கோபால்ட் அடிப்படையிலான ஹேன்ஸ்-25 உலோகக் கலவையின் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டது. எங்கும் பற்றவைப்பு இல்லை. அதன் வட்டு அதிஉயர் மூலக்கூற்று எடைப் பாலிஎத்திலீனால் ஆனது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. தொடங்கி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள். பின்னர்ப் பல மருத்துவமனைகளில் 306 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் வால்வின் கட்டமைப்பு சிதைந்ததாக ஒரு நிகழ்வும் பதிவாகவில்லை. தொழில்நுட்பம் டி.டி.கே. குழுமத்துக்கு வழங்கப்பட்டு, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மார்புக்குள் அந்த வால்வு சென்றிருக்கிறது.

அந்த வட்டின் பொருளைச் சற்று உற்றுப் பார்ப்போம். என் வாதத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. வேதியியலில் அது பாலிஎத்திலீன்தான். கடையில் பை செய்யவும் வயலில் தண்ணீர்க் குழாய் செய்யவும் பயன்படும் அதே எத்திலீன் சங்கிலி. வேறுபாடு நீளத்தில் மட்டும். சாதாரண உயரடர்த்திப் பாலிஎத்திலீனின் மூலக்கூற்று எடை சில லட்சங்களுக்குள் இருக்கும். இதிலோ அது 30 லட்சம் முதல் 60 லட்சம் வரை. இந்த நீளத்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஒரு படிகப் பகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம்போல் நீண்டு கிடக்கின்றன. மோதலைத் தாங்குவதும் உரசலில் தேயாமல் இருப்பதும் இதனால்தான். உராய்வு குறைவு. நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை.

இப்போது தரவுத்தாளைப் பாருங்கள். இதன் விளைவு வலிமை 20 மெகாபாஸ்கலை ஒட்டியது. தண்ணீர்க் குழாய்க்கான பாலிஎத்திலீனைவிட இது கூடுதல் என்றுகூடச் சொல்ல முடியாது. நம் துறையின் செல்லப்பிள்ளையான பீக் நெகிழிக்கு அது 100 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். பீக் உருகுவது 343 பாகை செல்சியசில். இது 135 பாகையை எட்டும் முன்பே படிகத் தன்மையை இழந்துவிடும். எண்களை மட்டும் அடுக்கிப் பரிசு கொடுத்தால் இந்தப் பொருள் முதல் சுற்றிலேயே வெளியேறும். ஆயினும் சுரங்கங்களில் தாது சரியும் தொட்டிகளின் உட்பூச்சுத் தகடாகவும், துறைமுகத்தில் கப்பல் உரசும் அணைகளின் முகப்பாகவும், நூற்பு ஆலை இயந்திர உறுப்பாகவும், செயற்கை மூட்டின் குழியாகவும் உழைப்பது இதுவே. இதைக் கூழ்மநிலையில் இழையாக நூற்றால் குண்டு துளைக்காத உடையும் கப்பல் வடமும் ஆகிறது. மென்மையான பொருளாக இருப்பதால்தான் வால்வின் வட்டு மூடும்போது ஓசையும் குறைவாக எழுகிறது. தன் மார்பின் "டிக் டிக்" ஒலியைக் கேட்டுக்கொண்டு இரவில் விழித்திருக்கும் நோயாளிக்கு அந்த மென்மை எவ்வளவு பெரியது! அதற்குத் தரவுத்தாளில் ஒரு வரிகூட இல்லை.

இப்பொருள் மருத்துவத்துக்குள் வந்த கதையும் இதையே சொல்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைத்தான் தேர்ந்தார். உராய்வெண்ணில் அதற்கு நிகரில்லை. ஏடு அப்படித்தான் சொன்னது. ஏறத்தாழ 300 நோயாளிகளுக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, துகள்கள் திசுவில் வீக்கத்தை உண்டாக்கின. மூட்டுகளை மீண்டும் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. மாற்றுப் பொருள் வந்த வழி விந்தையானது. நெசவுத்தறிகளுக்குப் பல்சக்கரம் விற்பவர் ஒருவர் அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்த நெகிழித் துண்டு அது. சார்ன்லிக்கு முதலில் அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. அவருடைய ஆய்வக உதவியாளர் ஹாரி கிரேவன் அதைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். நாள்கள் கடந்தும் அது தேயவில்லை. 1962 நவம்பரில் அது முதல் நோயாளிக்குள் சென்றது. புதிய பொருள் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. தறியில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த ஒன்று அடையாளம் காணப்பட்டது. அடையாளம் கண்டது தேய்மான இயந்திரமும் அதன் அருகில் நின்ற ஓர் உதவியாளரும். நம் ஆய்விதழ்களின் ஆசிரியர் பட்டியலில் அப்படி ஓர் உதவியாளருக்கு இடம் கிடைக்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பொருளுக்கு நான் துதி பாடவில்லை. அதுவும் தோற்றிருக்கிறது. காற்றில் வைத்துக் காமாக் கதிரால் நுண்ணுயிர் நீக்கியபோது சங்கிலிகள் அறுந்து ஆக்சிஜனேற்றம் அடைந்தன. மூட்டுக் குழிகள் தேய்ந்து, துகள்களைச் சுற்றி எலும்பு கரைந்தது. அதை ஒப்புக்கொண்டு ஆராய்ந்ததால்தான் 1990களின் இறுதியில் குறுக்குப் பிணைப்பூட்டிய வகை வந்தது. ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் முன்னால் மறைக்கப்படாத ஒரு தோல்வி இருக்கிறது. மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுண்டு. பியோர்க்-ஷைலி குவி-குழி வட்டு வால்வு 1979 முதல் 1986 வரை சந்தையில் இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதன் பற்றவைத்த தாங்கு கம்பி 600க்கும் மேற்பட்டோரிடம் முறிந்தது. முறிவுகள் தெரியவந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் விற்பனை தொடர்ந்தது.

இனி என் கதை. நான் செய்வதும் இதே பாலிஎத்திலீனில் கிராபீன் கலக்கும் ஆய்வுதான். இந்தப் பலபடி உருகினாலும் ஓடாது. பிசுபிசுப்பு அவ்வளவு மிகுதி. ஆகவே பொடியைச் சூட்டில் அழுத்தித்தான் வார்க்க வேண்டும். கலக்கும் நிரப்பி பொடித் துகளின் உள்ளே செல்வதில்லை. துகளுக்கும் துகளுக்கும் இடையிலுள்ள எல்லையிலேயே படிந்துவிடுகிறது. மின்கடத்தலுக்கு அது நல்லது. நிரப்பி வலைபோல் அமைந்துவிடும். ஆனால் இரு துகள்களின் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் பிணைய வேண்டிய இடமும் அந்த எல்லைதான். சில நிமிடங்களில் முடியும் இழுவைச் சோதனை இந்தக் குறையைப் பெரும்பாலும் காட்டாது. நீண்ட நேரம் உரசினால் காட்டும். என் மாதிரிகளில் பாதிக்கு மேல் நீண்ட தேய்மானச் சோதனையில் ஏடு ஏடாக உரிந்தன. முதல் கட்டுரையில் அவற்றை நான் சேர்க்கவில்லை. நன்றாக வந்தவற்றை வைத்து ஒரு வரைபடம் போட்டேன். கட்டுரை ஏற்கப்பட்டது. இனிப்பு வழங்கினோம்.

உரிந்த மாதிரிகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு மேசையறையில் வைத்திருந்தேன். இப்போது ஆய்வேடு எழுதும் வேளையில் அவற்றுக்கென ஓர் அத்தியாயம் எழுதினேன். ஏன் உரிந்தன, எந்த அழுத்தத்தில், எத்தனை சுழற்சிக்குப் பின் என்று. வாசித்த பெரியவர்கள் பலர் அன்போடு ஒரே அறிவுரையைத் தந்தார்கள்: எடுத்துவிடு, தேர்வாளர் கேள்வி கேட்பார், ஊரெல்லாம் வெற்றி எழுதும்போது நீ மட்டும் ஏன் தோல்வி எழுதுகிறாய்? அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களையும் இதே முறைதான் வளர்த்தது.

அந்த முறையின் கணக்கு எளிது. கட்டுரைகளின் எண்ணிக்கை, அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களின் எண்ணிக்கை. நிறுவனங்களின் தேசியத் தரவரிசை இவற்றை எண்ணுகிறது. பணி நியமனமும் பதவி உயர்வும் இவற்றை எண்ணுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளில், ஆய்வேடு அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் விதி போன பின்னும் பழக்கம் போகவில்லை. கட்டுரை இல்லாமல் வருபவரை நேர்காணலில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்நிலையில் பத்து மாதம் ஒரு மாதிரியை ஓடவிட்டுக் காத்திருப்பவர் அறிவாளியா அசடா?

அந்தப் பத்து மாதம் நான் சும்மா சொன்ன எண் அல்ல. இதய வால்வுகளுக்கான பன்னாட்டுத் தரநிலை, விறைப்பான வகை வால்வு 40 கோடிச் சுழற்சிகளைத் தாங்க வேண்டும் என்கிறது. நொடிக்கு 15 தடவை திறந்து மூடும் இயந்திரத்தில் வைத்தாலும் அதை முடிக்க ஏறத்தாழ 10 மாதங்கள் ஆகும். ஆய்வு உதவித்தொகை நமக்கு ஐந்தாண்டுகள் கிடைக்கிறது. ஐந்தாண்டுகளில் பத்து மாதத்தை ஒதுக்க முடியாதென்றால் குறை காலத்தில் இல்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதலாவது: முனைவர் பட்டம் என்பதே புதுமைக்காக, தொழிற்சாலைச் சோதனைக்காக அல்ல. ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஒரு பொருள் எப்போது, ஏன் தோற்கிறது என்பது அதுவரை எவருக்கும் தெரியாதிருந்தால் அதுவும் புதிய அறிவே. மூன்று விழுக்காடு நிரப்பிக்குப் பதில் ஐந்து விழுக்காடு சேர்த்ததைவிட அது பெரிய புதுமை.

இரண்டாவது: சித்ரா வால்வு பற்றாக்குறையின் குழந்தை, வெளிநாடுகளில் வால்வுக்குப் பயன்படுத்திய வெப்பச்சிதைவுக் கரிமம் இங்கே கைக்கெட்டாததால்தான் நெகிழியை நாடினார்கள் என்பார்கள். அப்படியே இருக்கட்டும். எட்டாத பொருளுக்காக ஏங்காமல், எட்டிய பொருளைச் சோதித்துச் சோதித்து நம்பகமாக்கியது எந்த வகையில் தாழ்வு? கையிலிருக்கும் பொருளை முழுவதும் அறிந்துகொள்வது நம் நாட்டு ஆய்வகங்களுக்கு இன்றும் தேவையான பாடம்.

மூன்றாவது வாதம்தான் கனமானது: வலியத்தான் ஓர் இயக்குநர், அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க முடிந்தது, ஒப்பந்த ஊதியத்தில் வாழும் ஆய்வாளருக்கு முடியுமா? முடியாது. அதனால்தான் இதைத் தனிமனித ஒழுக்கமாக நான் பேசவில்லை. ஆய்வாளர் தனியே நின்று நேர்மையாக இருக்கச் சொல்வது, மற்றவர் எல்லாம் ஓடும்போது ஒருவரை மட்டும் நிற்கச் சொல்வதாகும். மாற வேண்டியது கணக்கு.

மாற்றம் மலையைப் பெயர்ப்பதும் அல்ல. பயன்பாடு ஒன்றைத் தலைப்பிலோ முடிவுரையிலோ கூறும் எந்த ஆய்வேடும், அப்பயன்பாட்டுக்குரிய ஒரு நீடிப்புச் சோதனையையேனும் செய்திருக்க வேண்டும். செய்யவில்லையெனில் அந்த வரியை நீக்க வேண்டும். ஒவ்வோர் ஆய்வேட்டிலும் தோல்வியுற்ற மாதிரிகளுக்கு ஓர் அத்தியாயம் கட்டாயமாக வேண்டும். அதை வாய்மொழித் தேர்வில் குறையாக அன்றிக் கடமையாகக் காண வேண்டும். எத்தனை மாதிரி செய்தோம், எத்தனை கழித்தோம் என்ற எண்ணிக்கை கட்டுரையின் முதல் அட்டவணையிலேயே இருக்க வேண்டும். தேய்மானச் சோதனைக் கருவியும் அயர்வுச் சோதனைக் கருவியும் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே வேண்டியதில்லை. ஒரு நகரத்து நிறுவனங்கள் கூடிப் பகிர்ந்துகொள்ளலாம். அவற்றை இரவும் பகலும் இயக்கும் தொழில்நுட்பப் பணியாளரின் பெயர் கட்டுரையில் இடம்பெற வேண்டும்.

வலியத்தான் 2024 ஜூலை 17 அன்று மறைந்தார். அன்று நம் துறை நண்பர்கள் பலர் அவருடைய படத்தைப் பகிர்ந்து, சுதேசி வால்வின் தந்தை என்று எழுதினார்கள். நானும் எழுதினேன். அந்த வட்டுக்கு முன்னால் உடைந்துபோன நீலக்கல் வட்டைப் பற்றி நம்மில் யாரும் ஒரு வரியும் எழுதவில்லை. அந்த உடைப்பை அவர்கள் மூடி மறைத்திருந்தால் இன்று நாம் பகிர்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் உரிந்துபோன மாதிரிகளைப் பற்றியது. அதை நான் நீக்கப்போவதில்லை. வெளியிட்ட கட்டுரையிலும் விடுபட்ட மாதிரிகளின் எண்ணிக்கையைச் சேர்த்துத் திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். அதன் விளைவு எதுவாயினும் ஏற்கிறேன். உங்கள் மேசையறைகளிலும் இப்படித் தீப்பெட்டிகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம், நிறுவனம் சொல்ல வேண்டாம். எந்தப் பொருள், எந்தச் சோதனையில், எத்தனையாவது மணி நேரத்தில் தோற்றது என்று மட்டும் கீழே எழுதுங்கள். அதே தவறை அடுத்த ஆய்வாளர் ஓராண்டு செலவழித்து மீண்டும் கண்டுபிடிக்காமல் இருக்கட்டும்.